சிவப்புக் காரைப் பார்த்த சாட்சி

ரயில் தண்டவாளங்களுக்கு அடியில் போகும் சுரங்கப்பாதையின் வளைவில் குப்பை வண்டி கவிழ்ந்து கிடந்தது. பக்கத்தில் துப்புரவுக்காரர் கிடந்தார். துடைப்பம் இன்னும் கையில் இருந்தது. மூச்சு இருந்தது, நினைவு இல்லை. காலை ஆறரை மணிக்கு ஆம்புலன்ஸ் வந்து அவரைத் தூக்கிக்கொண்டு போனது. எட்டு மணிக்குள் வட்டாரம் முழுக்கத் தீர்ப்பு எழுதி முடித்துவிட்டது. இடித்தது கியர் அக்காவின் கார்.

நேரில் பார்த்த சாட்சி ஒருவர் இருந்தார். அவர் பார்த்தது சிவப்புக் கார். அந்த வட்டாரத்தில் சிவப்புக் கார் ஒன்றே ஒன்றுதான். மற்றதெல்லாம் வெள்ளை, வெள்ளி, சாம்பல், சாம்பலுக்கும் வெள்ளிக்கும் நடுவே பெயர் தெரியாத ஏதோ ஒன்று. வரிசையாக நிறுத்தி வைத்தால் சொந்தக்காரரே சாவியை அழுத்தி, எது கத்துகிறது என்று பார்த்துத்தான் தன் வண்டியைக் கண்டுபிடிப்பார்.

கியர் அக்காவுக்கு வேறு பெயர் உண்டு. யாருக்கும் அது ஞாபகமில்லை. பெண்களுக்கு மட்டும் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளி நடத்தினாள். பள்ளி என்றால் ஒரு கார், ஒரு அக்கா, அவ்வளவுதான். கார் வாங்கப் போன அன்று விற்பனைப் பையன் வெள்ளையைக் காட்டினான், திரும்ப விற்க வசதி என்றான். கூடப் போன கணவர் வெள்ளியைக் காட்டினார், அழுக்குத் தெரியாது என்றார். அவள் நிற அட்டையின் கடைசிப் பக்கத்தைத் திருப்பி, பழுத்த மிளகாய் போலிருந்த சிவப்பில் விரலை வைத்தாள். "கத்துக்குட்டி ஓட்டுற வண்டி. எதிர்ல வர்றவன் ஒரு மைல் முன்னாடியே பாத்து ஒதுங்கணும்" என்றாள். பேச்சு முடிந்துவிட்டது.

அதற்குப் பிறகு அவளுக்கு ஒரு பழக்கம் வந்தது. புதிதாகச் சேரும் ஒவ்வொருத்தியிடமும், "சொந்தமா கார் வாங்கினா என்ன கலர் வாங்குவ?" என்று கேட்பாள். பதிலை வைத்தே ஆளை எடை போடுவாள். பார்க்கட்டும் என்று வாங்குகிறவர்கள் ஒரு ரகம், யாரும் பார்க்கக்கூடாது என்று வாங்குகிறவர்கள் இன்னொரு ரகம். நடுவே, வீட்டில் சொன்னதை வாங்கிவிட்டு வாழ்நாள் முழுக்க அடுத்தவர் வண்டியை ஏக்கத்தோடு பார்ப்பவர்கள் பெருங்கூட்டம்.

ஒன்பது மணிக்குச் சப்-இன்ஸ்பெக்டர் அம்மாள் ஒரு கான்ஸ்டபிளோடு கியர் அக்காவின் அடுக்குமாடிக் குடியிருப்புக்கு, அடித்தள வண்டி நிறுத்தத்துக்கு வந்தார். ஒல்லியான, தூக்கம் போதாத முகம். வார்த்தைகளை எண்ணித்தான் செலவழிப்பார். கார் முன்னால் போய் நின்றதுமே அவர் புருவம் ஏறியது. பின்னால் வருவதைக் காட்டும் இடப்பக்கக் கண்ணாடி உடைந்திருந்தது.

"எப்ப உடைஞ்சுது?"

"நேத்து சாயங்காலம். ஸ்டூடண்ட் உடைச்சா."

"எங்க?"

"நம்ம கேட் தூண்ல."

"துண்டெல்லாம்?"

"கூட்டித் தள்ளியாச்சு மேடம்."

"வசதியாப் போச்சு" என்றார் எஸ்.ஐ. அம்மாள்.

ஆனால் நடந்தது அதுதான். முந்தின நாள் மருந்துக்கடைப் பெண்ணுக்குப் பாடம். அவள் புதிதாக நகச்சாயம் பூசிக்கொண்டு வந்திருந்தாள், பூசியவள் சும்மா இருப்பாளா? ஸ்டியரிங் மேல் பத்து விரலையும் விரித்து வைத்துக்கொண்டு ஓட்டினாள். சுரங்கப்பாதைக்குள் நுழைந்ததும், "ஐயோ அக்கா, ஆசையா செவப்பு போட்டேன். இங்க பாருங்க, கதவுல நசுங்கின நகம் மாதிரி கருத்துக் கெடக்கு" என்று புலம்பினாள். "ரோட்டப் பாரும்மா, நகம் எங்கயும் ஓடிப்போகாது" என்று அக்கா அதட்டினாள். அதட்டல் பலிக்கவில்லை. வீட்டு வாசலில் திரும்பும்போதும் பெண்ணின் கண் நகத்திலேயே இருந்தது. கண்ணாடி தூணில் மோதிச் சிதறியது.

"அந்தப் பொண்ணக் கேளுங்க, சொல்வா" என்றாள் கியர் அக்கா.

"உங்ககிட்ட லைசென்ஸுக்குக் காத்திருக்கிற பொண்ணு, உங்களுக்கு எதிராவா சொல்லப்போறா? காலைல ஆறு மணிக்கு எங்க இருந்தீங்க?"

"இங்கதான். வண்டி கழுவிட்டிருந்தேன்."

"யார் பாத்தா?"

"யாருமில்ல."

"வீட்டுக்காரர்?"

"தூங்கிட்டிருந்தார். அவர எழுப்ப ஆம்புலன்ஸ் சைரன் பத்தாது."

கான்ஸ்டபிள் சிரிப்பை விழுங்கிக்கொண்டார். எஸ்.ஐ. அம்மாள் சிரிக்கவில்லை. கையை நீட்டினார். கியர் அக்கா சாவியை அந்த உள்ளங்கையில் வைத்தாள். வைத்த பிறகுதான் என்னென்ன போகும் என்று எண்ணிப் பார்த்தாள். வழக்கு உறுதியானால் உரிமம் போகும், பள்ளி போகும். அதைவிட, ஓர் ஆளை இடித்துப் போட்டுவிட்டு ஓடியவள் என்ற பெயர் சாகும்வரை கூடவே வரும்.

மதியம் மூன்று மணிக்கு ஸ்டேஷனில் சாட்சி வாக்குமூலம் கொடுக்க வந்தார். சாட்சி வேறு யாருமல்ல, அதே குடியிருப்பின் சங்கத் தலைவர். இன்சூரன்ஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். சலவைச் சட்டையில் ஒரு மடிப்புக் கலையாது. கேட்டுக்கு எதிரே வெட்டவெளியில்தான் காரை நிறுத்துவார், அங்கிருந்தால்தான் யார் வருகிறார்கள் போகிறார்கள் என்று கண்காணிக்க முடியுமாம். கியர் அக்காவின் கார் குடியிருப்பின் கண்ணியத்தைக் கெடுக்கிறது என்று மூன்று கூட்டங்களில் பேசியவர். மூன்றாவது கூட்டத்தில் அவள் எழுந்து, "கண்ணியம் பெயின்ட்லயா சார் இருக்கு?" என்று கேட்டுவிட்டு உட்கார்ந்தாள். அதற்குப் பிறகு இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

ஆனாலும் உயிருக்குப் போராடியவருக்கு ஆம்புலன்ஸைக் கூப்பிட்டது அவர்தான். வட்டாரம் முழுக்க அவரைக் கையெடுத்துக் கும்பிட்டது.

"என்ன பாத்தீங்க?" என்றார் எஸ்.ஐ. அம்மாள்.

"வாக்கிங் போயிட்டிருந்தேன். சுரங்கப்பாதை நடைபாதையில. பின்னாடி இருந்து படுவேகமா ஒரு கார். என்னத் தாண்டி, வளைவுல அந்த மனுஷன அடிச்சுட்டு, நிக்காம டீக்கடைப் பக்கம் வெளிய போயிடுச்சு."

"நம்பர்?"

"அந்த வேகத்துல எங்க பாக்குறது? கலர்தான் கண்ணுலயே நிக்குது. பளபளன்னு ரத்தச் செவப்பு. உள்ள வந்ததுமே அடையாளம் தெரிஞ்சுபோச்சு. எத்தன தடவ சொல்லியிருப்பேன், கண்ணப் பறிக்கிற கலர் வேணாம்னு! அந்த மாதிரி கலர் புடிக்கிறவங்களுக்கே ஒரு வேகம் இருக்கும் மேடம்."

"கலருக்கு வேகம் கெடையாது சார். கால்லதான் இருக்கு" என்றாள் மூலையில் உட்கார்ந்திருந்த கியர் அக்கா.

"நீங்க பேசாதீங்க" என்றார் எஸ்.ஐ. அம்மாள்.

மேசைமேல் ஒரு பிளாஸ்டிக் உறை இருந்தது. சம்பவ இடத்தில் பொறுக்கியவை. கண்ணாடிச் சில்லுகள், அவற்றோடு கண்ணாடியின் முதுகுக் கூட்டிலிருந்து பெயர்ந்த ஒரு பிளாஸ்டிக் துண்டு. கருப்பாக இருந்திருக்க வேண்டியது, சாம்பல் பூத்துக் கிடந்தது. "சுரங்கத்துத் தூசி" என்றார் கான்ஸ்டபிள், கியர் அக்கா பார்ப்பதைப் பார்த்து.

தலைவர் கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே போனார். ஜன்னல் வழியே அவருடைய சாம்பல் நிறக் கார் கிளம்புவதை கியர் அக்கா பார்த்தாள். எந்தக் கார் கிளம்பினாலும் அவள் கண் முதலில் கண்ணாடிகளுக்குத்தான் போகும், தொழில் தோஷம். வலப்பக்கக் கூடு வெயிலில் வெளுத்து, நரைத்துப் போயிருந்தது. இடப்பக்கக் கூடு கன்னங்கரேலென்று மின்னியது. அதைப் பற்றி மேற்கொண்டு யோசிப்பதற்குள் வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள்.

துப்புரவுக்காரரின் மனைவி. ஆஸ்பத்திரியிலிருந்து நேராக வந்திருந்தாள். கணவரின் செருப்பைப் பையில் வைத்து நெஞ்சோடு பிடித்திருந்தாள். கத்தவில்லை, சபிக்கவில்லை. கியர் அக்காவின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"தெரியாம இடிச்சிருப்ப. சரி. எறங்கி ஒரு வாய் தண்ணி குடுத்திருக்கக் கூடாதா?"

கியர் அக்கா வாயைத் திறந்தாள். நான் இல்லை என்று சொல்ல வந்தவள், எழுந்து அவளுக்கு உட்கார இடம் விட்டாள். இந்தப் பெண்ணுக்கு யார் என்பது முக்கியமில்லை, யாராவது நின்றிருக்க வேண்டும் என்பதுதான் முக்கியம். அன்று வீட்டுக்குப் போகும் வழியில் ஒரு மூலையில் நின்று நன்றாக அழுதாள். அழுது முடித்ததும் கோபம் வந்தது. அந்தக் கோபம் அவளை நிமிர்த்தியது.

வீட்டில் கணவர் சோற்றைப் பிசைந்தபடி மெதுவாக ஆரம்பித்தார். "கோர்ட்டு அது இதுன்னு அலையணும். வண்டி திரும்பி வந்ததும் பேசாம வெள்ளை அடிச்சுடலாமா? ஜனங்க மறந்துடுவாங்க."

"எதுக்குங்க?"

"கண்ண உறுத்தாம இருக்கும்ல."

"தப்பு பண்ணவன்தாங்க வேஷம் மாத்துவான். நான் எதுக்கு மாத்தணும்? நாளைக்கு என்னைத் தூக்கி உள்ள வெச்சாலும் அது செவப்பாத்தான் நிக்கும்."

கணவர் பிசைந்த சோற்றைத் தட்டின் ஓரமாக ஒதுக்கினார். "காலைல நான் முழிச்சிருந்திருக்கணும்" என்றார். அவள் அவர் தட்டில் இன்னும் கொஞ்சம் குழம்பை ஊற்றினாள்.

மறுநாள் காலை அவள் நடந்தே சுரங்கப்பாதைக்குப் போனாள். வெளியேறும் வாயில் ஒரு டீக்கடை. கடைக்கார அம்மாள் விடியற்காலையிலிருந்து பாய்லர் பக்கத்தில் ரோட்டைப் பார்த்தபடி நிற்பவள்.

"போலீஸ் உங்களக் கேட்டாங்களா?"

"கேட்டாங்க. செவப்புக் கார் வேகமாப் போச்சான்னு கேட்டாங்க. கவனிக்கலன்னேன்."

"வேற கார் ஏதாவது வந்துச்சா?"

"ரெண்டு மூணு வந்திருக்கும். என்ன காரு, என்ன கலருன்னு கேட்டா எனக்கெப்படித் தெரியும்? எல்லாம் ஒண்ணு போலத்தான இருக்கு."

"என் கார் வந்திருந்தா?"

டீக்கடை அம்மாள் சிரித்துவிட்டாள். "உன் கார் வந்தா எனக்குத் தெரியாமப் போகுமா? தினம் ரெண்டு தடவ போற, ரெண்டு தடவையும் நிமிந்து பாக்குறேன்." சொன்னவள் சட்டென்று நிறுத்தினாள். தான் சொன்னது என்னவென்று அப்போதுதான் அவளுக்கே உறைத்தது. "ஐயய்யோ. அப்ப நேத்துக் காலைல நீ வரவேயில்ல!"

"இத அவங்ககிட்ட இப்படிச் சொல்லியிருக்கலாம்ல?"

"இப்படி யாரும் கேக்கலயே."

"தலைவரப் பாத்தீங்களா?"

"பாத்தேனே. இந்தப் பக்கமிருந்துதான் வேர்த்து விறுவிறுத்து உள்ள ஓடினார். கொஞ்ச நேரத்துல ஆம்புலன்ஸ் வந்துச்சு."

"தினமும் இங்கதான் நடப்பாரா?"

"இங்கயா? பார்க்குலதான் நடப்பார். காத்து வாங்க யாராவது இந்தப் பொகைக்குள்ள போவாங்களா?"

கியர் அக்கா டீயைப் பாதியில் வைத்துவிட்டு உள்ளே நடந்தாள். தலைவர் சொன்னது, கார் பின்னாலிருந்து வந்து தன்னைத் தாண்டி டீக்கடைப் பக்கம் போனது என்று. அப்படியானால் அவர் எதிர்ப்பக்கமிருந்து டீக்கடையை நோக்கி நடந்திருக்க வேண்டும். டீக்கடை அம்மாளோ அவர் இந்தப் பக்கமிருந்து உள்ளே ஓடியதாகச் சொல்கிறாள். ஆனால் இது ஒருத்தியின் சொல்லுக்கு எதிராக ஒரு பெரிய மனிதரின் சொல். எடுபடாது.

மற்ற தெருக்களில் வெள்ளை விளக்குகள் வந்தாகிவிட்டன. சுரங்கப்பாதையை மட்டும் யாரும் கண்டுகொள்ளவில்லை. பழைய மஞ்சள் விளக்குகள் கூரையில் வரிசையாக எரிந்துகொண்டிருந்தன. அவள் வளைவில் நின்று யோசித்தாள். தோளில் தொங்கிய பையைப் பார்த்தாள். காரின் நிறத்துக்குப் பொருத்தமாக வாங்கிய சிவப்புப் பை. அதைத் தூக்கி விளக்குக்கு நேராகப் பிடித்தாள். பிறகு வாய்விட்டுச் சிரித்தாள். எதிரே நடந்து வந்த ஒருவர் பயந்து ஓரமாக ஒதுங்கிப் போனார்.

அங்கிருந்து நேராக ஒரு பெயின்ட் பட்டறைக்குப் போய், உள்ளங்கை அகலத் தகடு ஒன்றில் தன் காரின் நிறத்தையே அடித்து வாங்கிக்கொண்டாள். அதைக் காகிதத்தில் சுற்றி எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனாள்.

"மேடம், ஒரே ஒரு தடவ சாட்சிய அந்த எடத்துக்குக் கூட்டிட்டு வாங்க. அவர் நின்ன எடத்துலயே நிக்கட்டும்."

"எதுக்கு?"

"எப்படியும் நீங்க எடத்தக் காட்டச் சொல்லி எழுதணும்ல. அப்ப நானும் இருக்கணும். அடிபட்டவர் சம்சாரமும் டீக்கடை அம்மாவும் இருக்கணும்."

எஸ்.ஐ. அம்மாள் அவளை உற்றுப் பார்த்தார். சட்டென்று வேறு ஏதோ கேட்டார். "எல்லார்கிட்டயும் கலர் கேப்பீங்களாமே? உங்க ஸ்டூடண்ட் சொல்லுச்சு."

"நீங்க என்ன கலர் வெச்சிருக்கீங்க?"

"சாம்பல்."

"புடிச்ச கலர்?"

"நீலம்." எஸ்.ஐ. அம்மாள் தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்தார். "பதினொரு மணிக்கு வர்றேன். வெளையாட்டா இருந்தா நானே உங்கள உள்ள வெப்பேன்."

காலை பதினொரு மணி. சுரங்கப்பாதையின் இரு வாயிலும் தடுப்பு வைத்துப் போக்குவரத்தை நிறுத்தியிருந்தார்கள். வளைவில் தலைவர், எஸ்.ஐ. அம்மாள், கான்ஸ்டபிள், டீக்கடை அம்மாள். கொஞ்சம் தள்ளி, சுவரோரம் துப்புரவுக்காரரின் மனைவி.

"எங்க நின்னீங்க?" என்றார் எஸ்.ஐ. அம்மாள்.

தலைவர் நடைபாதையில் ஓரிடத்தைக் காட்டினார். "இங்க."

"விளக்கெல்லாம் எரிஞ்சுதா?"

"இதே மாதிரிதான். நல்லா வெளிச்சம் இருந்துச்சு. பட்டப்பகல் மாதிரி."

கியர் அக்கா முன்னால் வந்தாள். காகிதத்தைப் பிரித்துத் தகட்டை நீட்டினாள். "சார், இது என்ன கலர்?"

தலைவர் எஸ்.ஐ. அம்மாளைப் பார்த்தார். "இதெல்லாம் எதுக்கு மேடம்?"

"கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க."

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். தகட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "காப்பிக்கொட்டைக் கலர். கருஞ்சாந்துன்னும் சொல்லலாம்."

"உறுதியா?"

"எனக்குக் கண்ணு நல்லாத்தான் தெரியும்மா!"

"மேடம், நீங்க சொல்லுங்க."

எஸ்.ஐ. அம்மாள் குனிந்து பார்த்தார். "கருப்பு கலந்த காப்பி. அதுக்கென்ன?"

கியர் அக்கா தகட்டைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு வெளிவாயை நோக்கி நடந்தாள். எல்லோரும் பின்னால் நடந்தார்கள். மஞ்சள் வெளிச்சம் முடிந்து வெயில் விழும் இடத்தில் அவள் காலை வைத்தாள். தகடு சிவப்பாக எரிந்தது. டீக்கடை அம்மாள் "ஆத்தாடி" என்று வாயில் கை வைத்தாள்.

"என் கார் பெயின்ட் மேடம். உங்க ஸ்டேஷன்லதான் வண்டி நிக்குது, பக்கத்துல வெச்சுப் பாருங்க. உள்ள எரியுறது பழைய மஞ்சள் வெளக்கு. அந்த வெளிச்சத்துல மஞ்சளத் தவிர வேற எதுவுமே கெடையாது. செவப்பு செவப்பாத் தெரிய வெளிச்சத்துல கொஞ்சமாவது செவப்பு வேணும். இல்லாததால அது கருத்துப்போகுது. என் ஸ்டூடண்ட் நகத்தப் பாத்துட்டு அன்னிக்கே சொன்னா, நான்தான் அதட்டிட்டேன்."

"நாங்க ஜீப் லைட்டப் போட்டுட்டுப் பாத்தோம்" என்றார் கான்ஸ்டபிள் தனக்குத்தானே. "அதான் எங்களுக்கு ஒண்ணும் தோணல."

"கார்ல ஹெட்லைட் எரிஞ்சுதே!" என்றார் தலைவர். குரல் உயர்ந்திருந்தது.

"ஹெட்லைட் முன்னாடி அடிக்கும் சார். தன் முதுகுல தானே அடிச்சுக்காது. உள்ள நின்னு நிஜமாவே என் வண்டியப் பாத்தவங்க, கருப்பா ஏதோ போச்சுன்னுதான் சொல்லியிருப்பாங்க. ரத்தச் செவப்புன்னு சொல்லணும்னா அத வெயில்ல பாத்திருக்கணும். நீங்க தினமும் கேட்ல நின்னு பாக்குறீங்களே, அந்த வெயில்ல."

எஸ்.ஐ. அம்மாள் தலைவர் பக்கம் திரும்பினார். "அப்ப எதுக்குப் பொய்?"

"கண்ணாடியக் கேளுங்க மேடம்" என்றாள் கியர் அக்கா. "என் வண்டிக்கு வயசு ரெண்டு. அடித்தளத்துல நிக்கும், வெயில்ல நின்னு காஞ்சதில்ல. அதோட கூடு இன்னும் கருகருன்னுதான் இருக்கு. நீங்க பொறுக்கின துண்டு நரைச்சிருக்கு. தூசின்னா தொடச்சாப் போகணும். தொடச்சுப் பாருங்க, போகாது. வருஷக்கணக்கா வெயில் தின்ன பிளாஸ்டிக் அது. நேத்து தலைவர் வந்த காரப் பாத்தீங்களா? வலப்பக்கக் கூடு அதே மாதிரி நரச்சது. இடப்பக்கம் மட்டும் புத்தம் புதுசு."

கான்ஸ்டபிள் ஓடினார். தலைவரின் கார் டீக்கடை ஓரத்தில்தான் நின்றிருந்தது. அது அங்கே இவ்வளவு நேரமாக நிற்பதை அதுவரை ஒருவரும் கவனிக்கவில்லை. ஒரு பக்கக் கூட்டைத் தொட்டார், மறுபக்கம் போய்த் தொட்டார். திரும்பி எஸ்.ஐ. அம்மாளைப் பார்த்துத் தலையசைத்தார்.

"இந்தக் காரா?" என்று டீக்கடை அம்மாள் நெற்றியில் அடித்துக்கொண்டாள். "எம் மூக்கு முன்னாடி போயிருக்கும். எனக்கு ஞாபகமே இல்லயே!"

"அதுக்குத்தான அந்தக் கலர்" என்றாள் கியர் அக்கா.

தலைவரின் சலவைச் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. அவர் நடைபாதை விளிம்பிலேயே உட்கார்ந்துவிட்டார். "மகன ரயில் ஏத்திட்டு வந்தேன். போன் அடிச்சுது. ஒரு நிமிஷம் குனிஞ்சேன். வெளிய வந்து வண்டிய நிறுத்திட்டு திரும்பி ஓடினேன். ஓடத்தான் செஞ்சேன். ஆம்புலன்ஸ நான்தான் கூப்பிட்டேன்."

"கூப்பிட்டீங்க" என்றாள் கியர் அக்கா. "அத நான் மறுக்கல. அதோட நிறுத்தியிருந்தா உங்களுக்காக நானே பேசியிருப்பேன்."

"போலீஸ் யாருன்னு கேட்டாங்க. வாய்ல வந்துடுச்சு. உன் வண்டின்னா யாரும் மறுபேச்சு பேச மாட்டாங்கன்னு தோணிச்சு."

"பேச மாட்டாங்கதான். பேசலையே! எல்லாரும் பாக்குற மாதிரி ஒருத்தி இருந்தா, எந்தப் பழியையும் கொண்டுவந்து அவ மேல சாத்திடலாம். அப்படித்தான சார்? நீங்க சாம்பலுக்குள்ள ஒளிஞ்சுக்கலாம். நான் ஒளிய மாட்டேன். இந்த வண்டி இதே கலர்ல, இதே கேட் வழியா, உங்க ஜன்னலுக்கு நேரா தினமும் போகும். இன்னும் பத்து பொண்ணுங்க அதுல ஓட்டக் கத்துப்பாங்க."

எஸ்.ஐ. அம்மாள் கான்ஸ்டபிளுக்குக் கண்ணைக் காட்டினார். தலைவரை எழுப்பி ஜீப்புக்கு அழைத்துப் போனார்கள். போகும்போது எஸ்.ஐ. அம்மாள் தன் சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து கியர் அக்காவின் கையில் வைத்தார். மன்னிப்புக் கேட்கவில்லை. "நம்பரக் கேட்டேன், வேகத்தக் கேட்டேன். அந்த வெளிச்சத்தப் பத்திக் கேக்கத் தோணல" என்று மட்டும் சொன்னார்.

மத்தியானம் கார் ஸ்டேஷனிலிருந்து வெளியே வந்தபோது வாசலில் துப்புரவுக்காரரின் மனைவி நின்றிருந்தாள். அக்கம்பக்கத்துக் கடைக்காரர்கள், குடியிருப்பு ஆட்கள் என்று ஒரு சின்னக் கூட்டமே வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றது. கியர் அக்கா பிரேக்கை மிதித்தாள்.

அந்தப் பெண் முன்கதவைத் தானே திறந்து உள்ளே ஏறி உட்கார்ந்தாள்.

"கண்ணு முழிச்சிட்டாராம். போன் வந்துச்சு. ஆஸ்பத்திரிக்குப் போகணும்."

"சரிக்கா."

"ஒன்ன என்னென்னமோ கேட்டுட்டேன்."

"கேக்க வேண்டியதத்தான கேட்டீங்க. ஆள் மாறிப்போச்சு, அவ்வளவுதான்."

அந்தப் பெண் புடவைத் தலைப்பால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டாள். வெளியே நின்ற கூட்டத்தைப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"ஜன்னல எறக்கி விடு. கடைத்தெரு வழியாப் போ, மெதுவாப் போ. நான் யார் வண்டியில போறேன்னு எல்லாரும் பாக்கட்டும்."